சோக்கு மாற்றுகிறவர்

பாட்டுக் கேட்கிறவர்கள் ஒரு ஜாதி. கேட்காதவர்கள் இன்னொரு ஜாதி. இந்த இரண்டிலும் சேராமல், பாட்டு வருகிற பெட்டியைக் கேட்கிறவர்கள் என்று மூன்றாவதாக ஒரு ஜாதி இருக்கிறது. இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் வீட்டுக்கோ போகிறீர்கள். ஹாலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின்மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சையும் பாதி நிறுத்தி, ஒரு மனிதர் மண்டியிட்டிருக்கிறார். ஆனால் பாட்டு எதுவும் ஓடவில்லை. சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

பாட்டே ஓடாதபோது எதைக் கேட்கிறார்? முனகலைக் கேட்கிறார். சுவரிலிருந்து வருகிற மின்சாரம் அலையலையாக வருகிறது. அதை நேராக்கி, படியவைத்து, சாதுவாக்கித்தான் ஆம்ப்ளிஃபையருக்குள் விடவேண்டும். சரியாகப் படியாவிட்டால் ஸ்பீக்கரின் அடித்தொண்டையில் ஒரு 'ம்ம்ம்ம்' வந்துகொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் அது போதும். போதாதவர்களுக்குச் சோக்கு. டியூப்லைட் பட்டிக்குள் கனமாக உட்கார்ந்திருக்குமே, அதே குடும்பம்தான். இரும்புத் தகடுகள், அவற்றின்மேல் சுற்றிய செம்புக் கம்பி, இரண்டு முனை. ஓடிவருகிற மின்சாரத்தைப் பார்த்து, 'கொஞ்சம் நிதானமாகப் போ' என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகம் கிடையாது. ஒரு முனையில் நுழைய வேண்டும், மறுமுனையில் வெளியேற வேண்டும். இதில் ஒரு மனிதன் தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். என் அக்காவின் கணவரிடமே கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் அத்தான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி இருந்ததுல தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறந்து, சோக்கை மாற்றி மாற்றிப் போட்டு, இதே கேள்வியை எங்கள் காதுகளிடம் கேட்கிறார். கடையில் வருகிறவர்களாவது ஏதோ ஓர் எழுத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். நாங்கள் எதைக் கேட்டுப் பதில் சொல்வது?

சோக்கை எங்கே இணைப்பது என்பதில் இவர்களுக்குள் பெரிய பெரிய பிரிவுகள் இருக்கின்றன. கெபாசிட்டருக்கு முன்னால் போடுகிறவர்கள் ஒரு கட்சி. இரண்டு கெபாசிட்டர்களுக்கு நடுவில் போடுகிறவர்கள் எதிர்க்கட்சி. நடுவில் போடுகிறவர்களுக்குள்ளேயே பிளஸ் கம்பியில் போடுகிறவர்கள், மைனஸ் கம்பியில் போடுகிறவர்களின் முகத்தில் விழிக்க மாட்டார்கள். இதற்கும் அப்பால் இரண்டு சோக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சோக்குக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். சோக்கைப் படுக்கவைப்பதா, நிற்கவைப்பதா, டிரான்ஸ்ஃபார்மருக்கு முதுகைக் காட்டி உட்காரவைப்பதா என்பதெல்லாம் தனி. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தன் மாமனார் தவறிவிட்டதாக எழுதியிருந்தார். அதன் கீழே வந்த முதல் பதிலை அக்கா எனக்குக் காட்டினாள்: 'ஆழ்ந்த இரங்கல். பிளஸ்ல போட்டுப் பாத்தீங்களா?'

எழுதியவர் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

விருந்தாளியாகப் போனால் உங்களுக்கும் கடமைகள் உண்டு. உட்கார்ந்த உடனே மின்விசிறியை நிறுத்துவார். ஃபிரிட்ஜை நிறுத்துவார். உங்கள் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்ப்பார். முள் சத்தம் போடுகிற ரகமாக இருந்தால் அதையும் கழற்றி அடுத்த அறையில் வைக்கச் சொல்வார். பிறகு ஆம்ப்ளிஃபையரைப் போடுவார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி உங்கள் மூக்கு நுனியில் நிற்கும். துடைக்காதீர்கள், கைக்குட்டை சத்தம் போடும்.

"கேளு," என்பார்.

"ஒண்ணும் கேக்கலயே அத்தான்."

"அதான்."

இந்த 'அதான்' என்கிற ஒரு சொல்லில் அவர் முகத்தில் வருகிற பூரிப்பை அவர் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லாததைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிற மனிதர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் இந்தப் பூரிப்பு நிலைக்காது. நீங்கள் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதே உள்ளிருந்து திருப்புளி எடுக்கிற சத்தம் கேட்கும். "இன்னும் ஒரே ஒரு மாத்தம்" என்பார். இந்த 'ஒரே ஒரு மாத்தம்' என் அக்காவின் வீட்டில் சாப்பாட்டு மேஜையை விழுங்கியது, வெளியூர்ப் பயணங்களை விழுங்கியது, ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரரின் நட்பையும் விழுங்கியது. அவர் தண்ணீர் மோட்டார் போடுகிற நேரத்தைக் குறித்து அத்தான் அவர் வாசலில் போய் நின்று விசாரணை நடத்தினார்.

இத்தனை செலவும் பாட்டுக் கேட்கத்தானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறீர்கள். அந்த வீட்டில் எந்தப் பாட்டும் பல்லவியைத் தாண்டியது கிடையாது. பாட்டு ஆரம்பிக்கும். மெதுவான தொடக்கமாகப் பார்த்துத்தான் போடுவார். பல்லவி முடிவதற்குள் வலது கை மேலே எழும்பும். "நிறுத்து" என்று அர்த்தம். மூடி திறக்கும். இப்படி வளர்ந்த ஒரு குழந்தையை யோசித்துப் பாருங்கள். என் அக்கா மகள், சின்ன வயதில், நின்றுபோன பாட்டுகளுக்கு மிச்சத்தைத் தானே பாடி முடிப்பாள். சரணம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அப்பாவும் விடவில்லை. அதனால் அவளாகவே ஒரு மெட்டு போட்டுக்கொள்வாள். இன்று அவள் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவள். அத்தானின் சோக்குகளால் உலகத்துக்கு ஏற்பட்ட ஒரே நன்மை என்று இதைத்தான் நான் கணக்கில் வைப்பேன்.

அவள் பாட்டு ஒன்று முதல் தடவையாக வெளியே வருவதாக இருந்தது. ஸ்டூடியோவில் பதிவு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, மாடிப்படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ரெண்டு விதமா பண்ணியிருக்கோம். ஒண்ணுல வார்த்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் அடிக்குரல்ல ம்ம்னு இழுப்பேன். பாட்டு நெடுக அது கீழ ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணுல அது இல்ல. ஸ்டூடியோக்காரர் அது வேணாங்கிறார். எடுத்துடலாங்கிறார்."

"நீ என்ன சொல்ற?"

"அதுதான் மாமா பாட்டே. மத்ததெல்லாம் அதுக்கு மேல வச்சதுதான். ஆனா அவர் இவ்வளவு சொன்னதும் பயமாயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள எதுன்னு சொல்லியாகணும்."

"அப்பாகிட்ட கேளேன்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். என்ன இருந்தாலும் அவர் காது மாதிரி வராது. அப்பாவுக்குப் பிடிச்சிருந்தா நான் யாருக்கும் பயப்பட மாட்டேன். நீங்க முன்கூட்டியே எதுவும் சொல்லிடாதீங்க. அவரா கேட்டு, அவரா சொல்லணும்."

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

சாப்பாடு முடிந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஹாலில் மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. மகளின் பாட்டு என்பதால் அத்தான் சட்டைகூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. முதல் வடிவத்தைப் போட்டாள்.

நிசப்தத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. வார்த்தை இல்லை, வாய் திறக்கவில்லை, நெஞ்சுக்குள்ளிருந்து, தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் முதுகில் காதை வைத்தால் கேட்பதுபோல ஒரு 'ம்ம்ம்ம்'. எனக்கு இசை ஞானம் கிடையாது. ஆனால் உடம்பு சிலிர்த்தது என்று உள்ளபடியே சொல்கிறேன். அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் வலது கை மேலே இருந்தது.

"நிறுத்தும்மா."

"என்னப்பா?"

"கேக்கலயா உனக்கு? அடியில முனகுது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தேன்.

"பாட்டு போடாதப்ப ஒண்ணும் இல்லையேப்பா," என்றாள் ஜாக்கிரதையாக.

"அதான் விஷயமே. பாட்டு வந்தாத்தான் லோடு ஏறும். லோடு ஏறினாத்தான் சோக்கோட வண்டவாளம் வெளிய வரும். இத்தனை நாளா எனக்குப் போக்குக் காட்டிக்கிட்டிருந்திருக்கு. உன் பாட்டு ரொம்ப நல்ல பாட்டும்மா, கரெக்டா பிடிச்சுக் குடுத்துடுச்சு."

சட்டையைக் கழற்றினார். மூடி திறந்தது.

நியாயமாகச் சொன்னால், அவர் சொன்னதில் தப்பே இல்லை. லோடு ஏறினால் முனகல் ஏறும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இந்த ஜாதியின் ஆபத்தே இதுதான். இவர்கள் முட்டாள்களாக இருந்தால் யாராவது கையைப் பிடித்து நிறுத்திவிடலாம். இவர்கள் ஒவ்வொரு படியிலும் சரியாகவே காலை வைத்து, கடைசியில் வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சேருகிறார்கள்.

பெட்டியை அணைத்தாலும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அது இறங்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். பிறகு சோக்கின் திருகாணிகளைக் கழற்றி, அது டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்காக நிற்கும்படி திருப்பிவைத்தார். மறுபடி பாட்டு. மறுபடி அவள் குரல் நெஞ்சுக்குள்ளிருந்து எழும்பியது. மறுபடி கை எழும்பியது.

"குறைஞ்சிருக்கு. ஆனா போகல."

ஒரு மகள் தன் குரலைப் பற்றித் தகப்பன் வாயால் இப்படி ஒரு விமர்சனத்தைக் கேட்பது அபூர்வம். நான் வாயைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவராகக் கண்டுபிடிப்பார் என்று அவளுக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. ஃபோன் அடித்தது. ஸ்டூடியோக்காரர். "கொஞ்ச நேரம் குடுங்க சார், எங்கப்பா கேட்டுக்கிட்டிருக்கார்," என்றாள்.

'எங்கப்பா' கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 'எங்கப்பா' பிளஸ் கம்பியிலிருந்த சோக்கைப் பிடுங்கி மைனஸ் கம்பியில் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயப் புகை எழுந்தது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, தன் கட்சியையே காட்டிக்கொடுத்துவிட்டு எதிர்க்கட்சியில் சேர்ந்தவரின் குற்ற உணர்வோடு, "போடும்மா," என்றார். போட்டாள். கை எழும்பியது.

"இது சாதாரண முனகல் இல்ல. ஏதோ பிடிவாதமா நிக்குது."

பீரோவிலிருந்து இரண்டாவது சோக்கு வந்தது. செங்கல் கனம் இருக்கும். அதைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திவந்து, முதலாவதோடு வரிசையாக இணைத்தார். வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. ஃபோன் மறுபடி அடித்தது, அவள் எடுக்கவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. திருப்புளியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்றுகூடத் தோன்றியது.

"ம், இப்ப போடு."

இந்த முறை அவள் மற்றதைப் போட்டாள். குரல் இழுப்பு இல்லாத, ஸ்டூடியோக்காரர் சுத்தம் செய்த வடிவத்தை. அவள் விரல் எதைத் தொட்டது என்பதை நான் பார்த்தேன். நிசப்தம், உடனே வார்த்தை, அவ்வளவுதான். கண்ணாடிபோல் இருந்தது பாட்டு. அடியில் ஒன்றுமே இல்லை.

அத்தான் துள்ளி எழுந்தார்.

"போச்சு பாத்தியா. அடியோட போச்சு. ரெண்டு சோக்கு போடணும்னு எத்தனை நாளா எனக்கு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதுல எவ்வளவு தெளிவா இருக்கு பாரு."

"முன்னாடி இருந்ததை விடவாப்பா?"

"முன்னாடி இருந்ததெல்லாம் காதுல கேக்க முடியுமா?"

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். "அப்ப இதையே அனுப்பிடறேன்," என்றாள். குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா, கையில் சிவப்புப் பேனாவோடு வந்து நின்றாள்.

"ஏன்டி, முதல்ல ம்ம்னு இழுத்துட்டுத்தானே ஆரம்பிச்ச? மூணு தடவை வந்துச்சு, இப்ப காணோம். எங்க போச்சு?"

"எடுத்துட்டாங்கம்மா."

"எதுக்கு எடுக்கணும்? அதைக் கேட்டுட்டு ஒரே தாளைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கிட்டிருக்கேன் நான். அது இல்லாம மொட்டையா இருக்கு."

அத்தான் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார்.

"யாரு ம்ம்னு இழுத்தது?"

"நான்தாம்பா."

அத்தான் மகளைப் பார்த்தார். இரண்டு சோக்குகளையும் பார்த்தார். திரும்பவும் மகளைப் பார்த்தார். அவர் உதடு லேசாக நடுங்கியது. பெற்ற பெண்ணின் குரலை மூன்று தடவை கழுத்தைப் பிடித்துத் தள்ளப் பார்த்தோம் என்பது அந்த மனிதருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்காக என் மனசு இளகியது. எழுந்துபோய்த் தோளில் கை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அத்தான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். முகமெல்லாம் நிம்மதி.

"அப்ப சோக்குல ஒண்ணும் தப்பில்ல," என்றார்.

அக்கா உள்ளே போனாள். கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. அத்தான் கீழே உட்கார்ந்து, சந்தோஷமாக, இரண்டாவது சோக்கைக் கழற்ற ஆரம்பித்தார். மகள் அவர் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, பாட்டு எப்படிப்பா இருக்கு?"

"இரும்மா. முதல்ல எல்லாத்தையும் பழையபடி மாத்திடறேன். அப்புறம் நிதானமா உக்காந்து கேக்கலாம்."

உட்கார்ந்திருந்தாள். ஒரு முனை கழன்றது. இன்னொரு முனை கழன்றது. பிளஸ்ஸா, மைனஸ்ஸா என்று அத்தானுக்கு நடுவில் ஒரு யோசனை வந்தது. ஃபோன் அடித்தது. அவள் எழுந்து மாடிப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சார், முதல் வடிவமே போகட்டும். ஆமா, அந்த இழுப்போடதான். இல்ல சார், இனிமே மாத்தல. வீட்டுல கேட்டுட்டாங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "எங்கம்மா கேட்டாங்க."

ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தான் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்திருந்தார்.

இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது என் அத்தானைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நல்லது. ஆனால் ஒன்று. இரண்டு சோக்குகளை அவ்வளவு நெருக்கமாக வைத்தால் ஒன்றின் காந்தம் மற்றொன்றைத் தொடுமே, அதை ஏன் இவன் எழுதவில்லை என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் உங்களைப் பற்றி நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை. குழுவில் அத்தான் இருக்கிறார், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். தோன்றவில்லையா? சோக்கு என்றால் என்னவென்றே தெரியாத அப்பாவியா? ரொம்பவும் நிம்மதிப்படாதீர்கள். உங்களுக்குச் சோக்கு வேறு ஏதாவது பெயரில் இருக்கும். பையன் ஆசையாக நீட்டிய ஓவியத்தில் குதிரையின் பின்னங்காலைத் திருத்தியவர்கள் உண்டு. மனைவி தன் ஆபீஸில் பட்ட அவமானத்தைச் சொல்லும்போது, அவள் சொன்ன கிழமை தப்பு என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் உண்டு. அவர்களும் அந்தந்த விஷயத்தில் சரியாகத்தான் சொன்னார்கள்.

சரி, அதெல்லாம்கூட வேண்டாம். இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு, பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் கதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதோ, முடிச்சிட்டு வரேன்," என்று சொன்னீர்கள். அவர்கள் கேட்டது என்ன?